ஷூமான் ஏ மைனர் கான்செர்ட்டோ: கடைசிப் பகுதியில் தாளம் சறுக்குகிறது, என்ன செய்வது?

வெள்ளைக்கட்டை:

எல்லோருக்கும் வணக்கம். ஷூமானின் ஏ மைனர் பியானோ கான்செர்ட்டோ (தனிக் கருவியும் ஆர்க்கெஸ்ட்ராவும் சேர்ந்து வாசிக்கும் உருப்படி), ஓபஸ் 54. இப்போதைக்கு இரண்டாவது பியானோவில் ஒருவர் ஆர்க்கெஸ்ட்ரா பகுதியை வாசிக்க ஒத்திகை நடக்கிறது. அடுத்த கட்டத்தில் மாணவர் ஆர்க்கெஸ்ட்ராவோடு வாசிக்க வேண்டும். மூன்று இடத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

ஒன்று, முதல் பகுதியின் வேகம். ஸ்கோரில் (அச்சிட்ட இசைத் தாளில்) மினிம் 84 என்று போட்டிருக்கிறது, அதாவது நிமிஷத்துக்கு 84 மினிம். ஒரு மினிம் இரண்டு க்ராட்செட் நீளம். அந்த வேகத்தில் எடுத்தால் ஓபோவில் வரும் மெட்டு ஓடுகிற மாதிரி இருக்கிறது. மெட்டுக்காகக் குறைத்தால் தொடக்கமும் மெட்டும் இரண்டு வேறு உருப்படிகள் போல ஆகிவிடுகின்றன.

இரண்டு, கடைசிப் பகுதியில் ஈ மேஜர் சுருதியில் வரும் இரண்டாவது மெட்டு. மூன்றாவது, நான்காவது இசை வாக்கியத்துக்குள் நாங்கள் இருவரும் பிரிந்துவிடுகிறோம். நான் முந்துகிறேன் என்கிறார் அவர். அவர் இழுக்கிறார் என்பது என் கட்சி.

மூன்று, எங்கே பார்த்தாலும் "இங்கே உன் ஒலியைக் குறை" என்றே சொல்கிறார்கள். கான்செர்ட்டோவில் பியானோதானே முன்னால் நிற்க வேண்டும்?

இடதுகை:

மூன்றாவதிலிருந்து தொடங்குகிறேன். அது பிடிபட்டால் முதல் கேள்விக்குப் பாதி பதில் வந்துவிடும்.

இந்த உருப்படி முதலில் கான்செர்ட்டோவாகப் பிறக்கவில்லை. 1841 மே மாதத்தில் பியானோவுக்கும் ஆர்க்கெஸ்ட்ராவுக்குமாக ஒரே பகுதி கொண்ட 'ஃபேன்டசி' ஒன்றை ஷூமான் எழுதினார். அந்த ஆகஸ்டில் லைப்சிக் கெவாண்ட்ஹவுஸ் அரங்கில் ஓர் ஒத்திகையின்போது அவர் மனைவி, பியானோ கலைஞர் கிளாரா அதை வாசித்துப் பார்த்தார். பதிப்பாளர்கள் யாரும் வாங்கவில்லை. நான்கு வருஷம் அது அப்படியே கிடந்தது. 1845-ல் ட்ரெஸ்டனில்தான் மற்ற இரண்டு பகுதிகளும் சேர்ந்தன, அதிலும் கடைசிப் பகுதி முதலில், நடுப்பகுதி பிறகு. அந்த டிசம்பர் 4 அன்று ட்ரெஸ்டனிலேயே கிளாரா அரங்கேற்றினார், ஃபெர்டினாண்ட் ஹில்லர் நடத்தினார். அச்சில் வந்தபோது சமர்ப்பணமும் ஹில்லருக்கே.

இதற்கெல்லாம் முன்பே, 1839-ல், வித்துவான்கள் திறமை காட்டுகிற மாதிரி ஒரு கான்செர்ட்டோ தன்னால் எழுத முடியாது என்று கிளாராவுக்குக் கடிதம் எழுதியவர் ஷூமான். சிம்ஃபனி, கான்செர்ட்டோ, சொனாட்டா மூன்றுக்கும் நடுவில் ஏதோ ஒன்றைத்தான் அவர் தேடிக்கொண்டிருந்தார். அதை ஸ்கோரிலேயே பார்க்கலாம். தொடக்க மெட்டை முதலில் சொல்வது பியானோ அல்ல, ஓபோ தலைமையில் காற்றுக் கருவிகள். எட்டு பார் (ஆவர்த்தனம் போன்ற தாளக் கட்டம்) கழித்துத்தான் பியானோவுக்கு அது கிடைக்கிறது. உடனே மெட்டு வயலின்களுக்குப் போய்விடும். உங்கள் கைகளில் இருப்பது கீழிருந்து மேலே விரியும் ஆர்பெஜ்ஜியோ, அதாவது ஒரு கார்டின் (சேர்ந்து ஒலிக்கும் சுரங்களின்) சுரங்களை ஒவ்வொன்றாக வாசிப்பது. சி மேஜரில் கிளாரினெட் அதே மெட்டைப் பாடும்போதும் நீங்கள் பக்கவாத்தியம்தான். ஏ ஃபிளாட் மேஜரில் வரும் ஆண்டான்டே எஸ்ப்ரெஸ்ஸிவோவில் (நிதானமாக, உணர்ச்சியோடு வாசிக்கும் இடம்) கிளாரினெட்டோடு சரிசமமான உரையாடல்.

ஆகவே, உங்கள் பியானோ பகுதியின் தாளை எடுத்துவைத்து ஒரு பென்சிலால் ஒவ்வொரு வரிக்கும் மேலே மெட்டு யாரிடம் இருக்கிறது என்று எழுதுங்கள்: 'ஓபோ', 'நான்', 'வயலின்', 'கிளாரினெட்'. 'நான்' என்று எழுதாத இடத்தில் எல்லாம் அந்தக் கருவி உங்கள் காதில் கேட்கிற அளவுக்கு மேல் வாசிக்கக் கூடாது. ஆர்க்கெஸ்ட்ராவும் பெரியதல்ல. புல்லாங்குழல், ஓபோ, கிளாரினெட், பஸ்ஸூன், ஹார்ன், ட்ரம்பெட் எல்லாம் இரண்டிரண்டு, டிம்பனி, தந்திக் கருவிகள், அவ்வளவுதான். ட்ராம்போன் கிடையாது. இன்றைய ஒன்பதடி பியானோவின் மூடியை முழுக்கத் திறந்து வைத்துக்கொண்டு, ஆர்பெஜ்ஜியோவில் இடது காலைச் சும்மா விட்டு, வலது பெடலை அடிவரை அழுத்தினால் ஒரு கிளாரினெட்டால் என்ன செய்ய முடியும்? அந்த இடங்களில் பெடலைப் பாதி மட்டும் அழுத்துங்கள். கட்டை விரல் விழும் சுரம் தன்னால் தடிக்கும், அதைத் தனியாகக் கவனியுங்கள்.

இனி வேகம். ஆர்க்கெஸ்ட்ராவின் ஒரு அடி, அதைப் பிடித்துக்கொண்டு மேலிருந்து கொட்டும் உங்கள் கார்டுகள். சிறிய சுரம் பெரிய சுரத்தில் போய் விழும் ஜோடிகள் அவை. எல்லோரும் கெடுப்பது இங்கேதான். இதைக் கேடன்ஸா (பியானோ மட்டும் தனியாக வாசிக்கும் இடம்) மாதிரி இஷ்டத்துக்கு வாசித்து, கடைசி இரண்டு கார்டுகளை இழுத்து நிறுத்திவிடுகிறார்கள். ஓபோக்காரருக்கு எங்கே மூச்செடுப்பது என்று தெரியாது. ஆர்க்கெஸ்ட்ராவை நடத்தும் கண்டக்டர் புதிதாக ஒரு வேகம் கொடுத்தாக வேண்டும், அந்த வேகம் எப்போதும் மெதுவாகத்தான் இருக்கும். மெட்டு வரும் இடத்தில் வேகத்தைக் குறைக்கும்படி ஷூமான் எதுவும் எழுதவில்லை. தொடக்கக் கார்டுகளைக் கறாரான தாளத்தில், சிறிய சுரம் சோம்பேறித்தனமாக ட்ரிப்லெட் (மூன்று சம பங்கு) ஆகிவிடாமல் வாசியுங்கள். 84 முடியாவிட்டால் 72 வைத்துக்கொள்ளுங்கள். தொடக்கத்துக்கும் மெட்டுக்கும் ஒரே எண் இருக்க வேண்டும், அதுதான் கணக்கு. மினிமை அடியாக எண்ணுங்கள். பாருக்கு இரண்டு அடி. நான்காக எண்ணினால் எந்த வேகமும் ஓட்டமாகத்தான் கேட்கும்.

கோல்காரன்:

இரண்டாவது கேள்வி என் பக்கத்துச் சமாச்சாரம்.

யாரும் முந்தவும் இல்லை, இழுக்கவும் இல்லை. அந்த மெட்டு எழுதப்பட்ட விதமே உங்களைப் பிரிக்கிறது. கடைசிப் பகுதி முழுக்க 3/4, அதாவது பாருக்கு மூன்று க்ராட்செட். பாருக்கு ஓர் அடி, புள்ளி வைத்த மினிம் (மூன்று க்ராட்செட் நீளம்) 72. ஈ மேஜர் மெட்டை முதலில் தந்திக் கருவிகள் மிக மென்மையாக, துண்டு துண்டாக எடுக்கும். ஒரு க்ராட்செட் ஒலி, ஒரு க்ராட்செட் மௌனம், மறுபடி ஒலி, மறுபடி மௌனம். இரண்டு பாரையும் சேர்த்து ஆறு க்ராட்செட்டாக எண்ணிப் பாருங்கள். ஒலி வருவது 1, 3, 5-ல். அதாவது முதல் பாரின் ஒன்றாவது, மூன்றாவது க்ராட்செட், அடுத்த பாரின் இரண்டாவது க்ராட்செட். இரண்டாவது பாரின் முதல் க்ராட்செட்டில் யாருமே இல்லை. நீங்கள் காலை ஊன்ற நினைக்கிற இடம் காலியாக இருக்கிறது.

நம் ஊரில் சொற்கட்டு பழகியவர்களுக்கு இது ஐந்து நிமிஷ வேலை. தொடையில் பாருக்கு ஒரு தட்டு. வாயில் முதலில் 'தகிட தகிட', ஒவ்வொரு 'த'வும் தட்டின்மேல் விழும். தட்டை மாற்றாமல் வாயை மட்டும் 'தக தக தக' என்று மாற்றுங்கள். முதல் தட்டு முதல் 'த'வில். இரண்டாவது தட்டு நடு ஜோடியின் 'க'வில் விழ வேண்டும். அங்கே கை தயங்கினாலோ, வாய் அந்தக் 'க'வை அழுத்தினாலோ, பிரச்சினை அங்கேதான். நடு 'க' மற்ற இரண்டு 'க'வைப் போலவே லேசாக வரும்வரை பியானோ பக்கம் போகாதீர்கள். பிறகு மாற்றி மாற்றி நான்கு பார் 'தகிட', நான்கு பார் 'தக'.

மெட்ரோனோமையும் இரண்டு விதமாக வைக்கலாம். பாருக்கு ஓர் அடி என்றால் 72. தந்திக் கருவிகள் உணர்கிற மினிம் அடி என்றால் 108. இரண்டும் ஒரே வேகம்தான், மூன்றுக்கு இரண்டு கணக்கு. மெதுவாகத் தொடங்க 48-ம் 72-ம், அதற்கு மேல் 60-ம் 90-ம். நீங்கள் மெட்டை வாசிக்கும்போது 72-ஐ வைத்துப் பழகுங்கள். உங்கள் துணைவர் தந்திப் பகுதியை வாசிக்கும்போது 108-ஐ வைத்துப் பழகட்டும், பிறகு இருவரும் இடம் மாறுங்கள். 108-ஐக் கேட்டே பழகியவர், பியானோவின் குவேவர் (அரை க்ராட்செட்) ஓட்டம் 3/4 அழுத்தத்தோடு உள்ளே வரும்போது தன் அடிதான் சரி என்று பிடிவாதம் பிடிப்பார். உங்கள் சண்டை இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

இரண்டாவது பியானோவில் இன்னொரு சங்கடம் உண்டு. மௌனம் மௌனமாக இருக்காது. துணைவர் பெடலைத் தொட்டாலே க்ராட்செட் நீண்டு மினிம் ஆகிவிடும். கேட்பதற்கு 3/2-ல் (பாருக்கு மூன்று மினிம்) ஒரு மந்தமான நடை மாதிரி இருக்கும். இந்த மெட்டு முழுவதும் அவர் வலது பெடலில் கால் வைக்கவே கூடாது. வேண்டுமானால் இடது பெடல். சுரம் முடிகிற இடமும் தாளத்தில் முடிய வேண்டும், தொடங்குகிற இடம் மட்டும் சரியாக இருந்தால் போதாது.

ஆர்க்கெஸ்ட்ராவோடு சேரும்போது கண்டக்டரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள், பாருக்கு ஒன்றாகக் காட்டுவாரா, இரண்டு பாருக்கு மூன்றாகக் காட்டுவாரா என்று. சிலர் 3/2 மாதிரி பெரிய மூன்று காட்டுவார்கள். பார்க்க வசதிதான். ஆனால் திரும்பிவரும் இடத்தில் பாதிப் பேர் பழைய அடியிலும் பாதிப் பேர் புதிய அடியிலும் இருப்பார்கள். பாருக்கு ஒன்று, இரண்டு பாரை ஒரு ஜோடியாக, முதல் பார் கொஞ்சம் பெரிய அசைவு, இரண்டாவது சின்ன அசைவு. மாணவர் ஆர்க்கெஸ்ட்ராவுக்கு இதுதான் பத்திரம். ஒத்திகையில் முதலில் பியானோ இல்லாமல் தந்திக் கருவிகளை மட்டும் இந்த மெட்டை வாசிக்கச் சொல்லி, அதற்குப் பிறகு சேருங்கள்.

பழையரிக்கார்டு:

84 விஷயத்தில் இடதுகையோடு முழுக்க ஒத்துப்போக முடியவில்லை. மெட்ரோனோம் எண் தொடக்கத்துக்குப் போடப்பட்டது. அந்தக் காலத்தில் யாரும் பதினைந்து நிமிஷம் ஒரே எண்ணில் வாசித்திருக்க மாட்டார்கள். கிளாராவிடம் நேரடியாகப் படித்த ஃபேனி டேவிஸ் 1928-ல் இந்த கான்செர்ட்டோவை ஆன்ஸர்மே நடத்த ஒலிப்பதிவு செய்திருக்கிறார். இரைச்சலைப் பொறுத்துக்கொண்டு கேளுங்கள். வேகம் நகர்ந்துகொண்டே இருக்கும், ஆனால் நிற்காது. பகுதியின் பெயரே அலெக்ரோ அஃபெத்துவோஸோ, அதாவது உணர்ச்சியோடு, வேகமாக. ஒரே எண் என்பது பயிற்சிக்குச் சரி, மேடைக்கு அல்ல.

பியானோ கலைஞர் லிப்பாட்டியின் 1948 பதிவையும் (கராயன் நடத்தியது) கேட்கலாம். ஒலிச் சமநிலைக்கு மெல்னிகோவ், பழைய எரார் பியானோவில், ஃப்ரைபுர்க் பரோக் ஆர்க்கெஸ்ட்ராவோடு வாசித்தது. காற்றுக் கருவிகளுக்குப் பியானோ எவ்வளவு இடம் விடுகிறது என்பது அதில் பளிச்சென்று தெரியும்.

இடதுகை:

'நிற்காது' என்றீர்களே, அதுதான் நான் சொல்ல வந்ததும். ஒரு எண்ணைச் சுற்றி நகரட்டும், தடையில்லை. மெட்டுக்கு ஒன்று, ஆர்பெஜ்ஜியோவுக்கு ஒன்று, கோடாவுக்கு (முடிவுக் கட்டத்துக்கு) ஒன்று என்று மூன்று நான்கு தனித்தனி வேகம் வைப்பதைத்தான் வேண்டாம் என்கிறேன். அந்தப் பகுதி முழுக்க ஒரே மெட்டு வேஷம் மாற்றி வருவது. ஏ மைனரில் ஏக்கமாக, சி மேஜரில் தெளிவாக, ஏ ஃபிளாட்டில் 6/4 தாளத்தில் கனவு மாதிரி, கேடன்ஸாவுக்குப் பிறகு 2/4-ல் அடியெடுத்து நடக்கிற மாதிரி. வேகம் சிதறினால் எல்லாம் ஒரே மெட்டு என்பது கேட்பவருக்குத் தெரியாமலே போய்விடும்.

வெள்ளைக்கட்டை:

நன்றி, எல்லோருக்கும். நடு 'க' விஷயம் உண்மையிலேயே அங்கேதான் இருந்தது. இன்னும் சில. கடைசிப் பகுதியில் மெட்டு திரும்பி வரும் இடத்தில் மனப்பாடம் குழம்புகிறது. கோடா முடிவதற்குள் கை சோர்ந்துவிடுகிறது. நடுப்பகுதி சுலபமாகத் தெரிவதால் அதைப் பற்றி யாரும் எதுவும் சொல்வதில்லை, ஆனால் வாசித்தால் வெறுமையாக இருக்கிறது. கேடன்ஸாவைப் பற்றியும் சொல்லுங்கள்.

பின்வரிசைச்செல்லோ:

நடுப்பகுதிக்கு வருகிறேன், செல்லோக்காரர்கள் காத்துக்கிடப்பதே அதற்குத்தான்.

அதன் பெயர் இன்டர்மெட்ஸோ, எஃப் மேஜர், 2/4, ஆண்டான்டினோ கிராட்ஸியோஸோ (சற்றே நிதானமாக, நயமாக), குவேவர் 120. வெறுமையாக இருப்பதற்குக் காரணம் பெரும்பாலும் மெதுவாக எடுப்பதுதான். இதை ஒரு பெரிய அடாஜியோ (மிக மெதுவான பகுதி) என்று நினைத்து வாசிக்கிறார்கள். ஐந்து நிமிஷத்துக்கு மேல் போனால் சந்தேகப்படுங்கள். தொடக்கத்தில் பியானோ நான்கு சுரம் ஏறும், தந்திக் கருவிகள் பதில் சொல்லும். இது பேச்சு வழக்கு, பாட்டு அல்ல. ஒருவர் முடிக்கிற ஒலியளவில் அடுத்தவர் தொடங்க வேண்டும். ஒவ்வொரு சின்ன வாக்கியத்தின் கடைசிச் சுரத்தையும் அழுத்தாமல் விடுங்கள். கடைசிச் சுரத்தைக் குத்தினால் நாங்கள் பதில் சொல்ல இடமே இல்லை.

நடுவில் சி மேஜரில் செல்லோக்கள் ஒரு நீண்ட மெட்டை எடுக்கும். உங்கள் வேலை இடையில் சின்னச் சின்ன மறுமொழி. இங்கே பியானோ ரொம்ப அழகாக வாசிக்க முயன்றால் எங்கள் வில் முடியும்வரை காத்திருக்காமல் உள்ளே வந்துவிடும். எங்கள் பகுதியைப் பாடிக்கொண்டே வாசித்துப் பழகுங்கள்.

முடிவில் கிளாரினெட்டும் பஸ்ஸூனும் முதல் பகுதி மெட்டின் தலைச்சுரங்களை நினைவூட்டும், ஒரு முறை மேஜரில், ஒரு முறை மைனரில். அப்படியே நிற்காமல் கடைசிப் பகுதிக்குள் போக வேண்டும். அந்த இடத்தில் பெஞ்சைச் சரிசெய்வது, கைக்குட்டையை எடுப்பது எல்லாம் கூடாது. ரொம்பவும் நிதானித்தால் அங்கே தந்திக் கருவிகள் வாசிக்கும் ஏறுவரிசைக்கு வேகம் கிடைக்காமல் போகும்.

இன்னொன்று. கிளாரா (அப்போது கிளாரா வீக்) தன் பதின்பருவத்திலேயே ஏ மைனரில் ஒரு கான்செர்ட்டோ எழுதி (ஓபஸ் 7), 1835 நவம்பரில் கெவாண்ட்ஹவுஸில் மெண்டல்ஸோன் நடத்த அவரே வாசித்தார். அதன் நடுப்பகுதி ஏ ஃபிளாட் மேஜர். ஆர்க்கெஸ்ட்ரா ஒதுங்கிக்கொள்ள, பியானோவும் ஒற்றைச் செல்லோவும் மட்டும். பகுதிகள் இடைவெளியில்லாமல் தொடரும். ராபர்ட் ஷூமான் தன் ஏ மைனரில் ஏ ஃபிளாட்டுக்குப் போவதையும் செல்லோவுக்கு நடுப்பகுதியைக் கொடுப்பதையும் இதைக் கேட்டுவிட்டுக் கேளுங்கள். அவருடைய முதல் பகுதி மெட்டின் தலைச்சுரங்கள் ஸி, ஹெச் (ஜெர்மன் முறையில் 'பி' சுரத்தின் பெயர்), ஏ, ஏ என்று கிளாராவின் செல்லப்பெயரான கியாராவைக் காட்டுகின்றன என்பார்கள். இருக்கலாம். அதைவிட அந்த ஓபஸ் 7 எனக்குப் பெரிய சாட்சியாகத் தெரிகிறது.

இடதுகை:

மனப்பாடம் குழம்புவதற்குக் காரணம் நீங்கள் அல்ல. கடைசிப் பகுதி தொடங்குவது ஏ மேஜரில், இரண்டாவது மெட்டு ஈ மேஜரில். திரும்பி வரும்போது ஏ மேஜருக்கு வராமல் டி மேஜரில் வந்து இறங்குகிறது. அதனால் இரண்டாவது மெட்டு தானாக ஏ மேஜரில் விழும். ஏ-யிலிருந்து ஈ-க்குப் போன அதே தூரம்தான் டி-யிலிருந்து ஏ-க்கும். ஆகவே இடையில் வருவது எல்லாம் சுரம் மாறாமல் இடம் மட்டும் பெயர்ந்து வருகிறது. காதுக்கு ஒன்றுதான், கைக்கு வேறு. பாதி வழியில் கை பழைய இடத்துக்கு ஓடிவிடும், ஓடியதை நீங்கள் உணர்வதற்குள் ஆர்க்கெஸ்ட்ரா வேறு சுருதியில் இருக்கும்.

தீர்வு: இரண்டு இடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எட்டு எட்டு பாராக மாற்றி மாற்றி வாசியுங்கள். ஈ மேஜர் எட்டு பார், உடனே ஏ மேஜர் எட்டு பார். விரல் எண்கள் எங்கே மாறுகின்றன என்பதை மட்டும் சிவப்பு பென்சிலில் வட்டமிடுங்கள். மாறாத இடத்துக்கு வட்டம் வேண்டாம், குறி அதிகமானால் கண் பார்க்காது. அத்தோடு டி மேஜரில் திரும்பும் அந்த இடத்தின் பேஸ் (அடிக் குரல்) சுரங்களை மட்டும் இடது கையால் வாசித்து மனத்தில் ஏற்றுங்கள். மேடையில் வழி தவறினால் உங்களைக் காப்பாற்றுவது பேஸ்தான்.

கோடாவில் கை சோர்வது எப்போதும் ஒலியளவால் வருகிறது, வேகத்தால் அல்ல. குவேவர் ஓட்டம் பக்கம் பக்கமாகப் போகும், அதை முழுக்க உரத்து வாசிக்கிறவர்கள்தான் கடைசிப் பக்கத்தில் மணிக்கட்டு இறுகி நிற்பார்கள். அதன் இயல்பு ஒரு வால்ட்ஸ். ஒவ்வொரு பாரின் முதல் சுரத்திலும் கை எடை விழக் கூடாது. நான்கு பாருக்கு ஒரு முறை மட்டும் எடை, நடுவில் உள்ளது எல்லாம் அதன் மேலேயே மிதந்து போகட்டும். பயிற்சிக்கு முழுக் கோடாவையும் மென்மையாக, கட்டையின் பாதி ஆழத்தில், புள்ளி வைத்த மினிம் 60-ல் நிற்காமல் ஒரு முறை. வலி எங்கே தொடங்குகிறதோ அந்தப் பாருக்கு நான்கு பார் முன்னால் போய்ப் பாருங்கள், கட்டை விரல் அடியில் நுழைகிற ஏதோ ஓர் இடத்தில் தோள் ஏறியிருக்கும்.

கேடன்ஸா ஷூமானே எழுதியது, யாரும் இட்டுக்கட்ட வேண்டியதில்லை. அதில் வேடிக்கை காட்ட எதுவும் கிடையாது. குரல்கள் ஒன்றையொன்று பின்தொடர்ந்து வருவதால், முதல் பக்கத்தைக் குரல் குரலாகப் பிரித்து வாசித்துப் பழகுங்கள். முடிவுக்கு அருகில் ட்ரில்களோடு (பக்கத்துச் சுரங்கள் இரண்டை வேகமாக மாற்றி மாற்றி வாசிப்பது) மெட்டு திரும்பும்போது ட்ரில்லைப் பின்னுக்குத் தள்ளி மெட்டுக்கு எடை கொடுங்கள், ட்ரில்லில் எத்தனை சுரம் என்று எண்ண வேண்டாம். முடிவில் ஒரு பெரிய இழுப்பு வைக்கத் தோன்றும். அளவோடு வையுங்கள். அடுத்து வரும் அலெக்ரோ மோல்த்தோவுக்கு (மிக வேகமான கட்டத்துக்கு) ஆர்க்கெஸ்ட்ரா முழுவதும் உங்கள் கடைசி ட்ரில்லைக் கேட்டுத்தான் கிளம்ப வேண்டும். ட்ரில் எப்போது முடியும் என்று கண்டக்டருக்குத் தெரியும்படி தலையை ஒரு முறை அசைத்துவிடுங்கள், போதும்.

பழையரிக்கார்டு:

இது நார்வே இசையமைப்பாளர் கிரீக்கின் கான்செர்ட்டோ போலவே இருக்கிறதே என்று யாராவது கேட்பார்கள், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். அதுவும் ஏ மைனர், அதுவும் மேலிருந்து கொட்டும் தொடக்கம். கிரீக் லைப்சிக்கில் படித்தபோது கிளாரா இதை வாசிக்கக் கேட்டவர். தன்னுடையதை 1868-ல் எழுதினார். ஆனால் கிரீக்கில் மெட்டுகள் பல, கேடன்ஸா பெரியது, முடிவில் பியானோவும் ஆர்க்கெஸ்ட்ராவும் சேர்ந்து மாளிகை கட்டும். அந்தப் பழக்கத்தில் இதைத் தொட்டால் 'ஒலியைக் குறை' என்று சொல்லத்தான் செய்வார்கள்.

கோல்காரன்:

வெள்ளைக்கட்டை, ஒன்று விட்டுப்போயிற்று. மாணவர் ஆர்க்கெஸ்ட்ராவில் முதல் வயலின் பத்து, இரண்டாம் வயலின் எட்டு, வயோலா ஆறு, செல்லோ ஐந்து, பேஸ் மூன்று. அதற்கு மேல் வேண்டாம். ஆள் கூடினால் கடைசிப் பகுதியின் அந்த மெட்டில் மௌனங்கள் அடைபட்டுப் போகும். முதல் ஒத்திகைக்கு உங்கள் பகுதியின் நகல் ஒன்றை ஓபோக்காரருக்கும் கிளாரினெட்காரருக்கும் கொடுத்துவிடுங்கள். அவர்களுடைய தாளில் உங்கள் ஆர்பெஜ்ஜியோ இருக்காது, எதற்குள் நுழைகிறோம் என்று தெரியாமலேதான் நுழைகிறார்கள்.